கொல்லைப்புறத்து மூலிகைகள்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் சளி, இருமல், மூட்டுவலி, அதற்கு என்ன இலை, எப்படிச் சாப்பிடுவது என்றுதான் இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முதலிலேயே ஒன்று. நம் வீடுகளில் மூலிகை பெரும்பாலும் சாப்பாடாகத்தான் உள்ளே போனது: ரசமாக, துவையலாக, தோசையாக. அதே இலையைச் சாறாகவோ பொடியாகவோ மாத்திரையாகவோ நாள்தோறும் எடுக்க ஆரம்பித்தால் அது மருந்து, மருந்துக்கு உண்டான கவனம் அதற்கும் வேண்டும். கீழே நான் சில இடங்களில் "சாப்பிடுங்கள்" என்றும் சில இடங்களில் "வேண்டவே வேண்டாம்" என்றும் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: வேலியில் தூதுவளை தானாகப் படர்ந்திருக்கிறது. முள்ளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் செய்து கொடுப்பது? ஆஸ்துமாவுக்கு இது போதுமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: தண்டில் மட்டுமல்ல, இலையின் நடுநரம்பிலும் முள் இருக்கும், முன்பக்கமும் பின்பக்கமும். கத்தரிக்கோலால் நரம்போடு சேர்த்து நறுக்கி எடுத்துவிடுங்கள். கொழுந்து இலையில் முள் மெத்தென்று இருக்கும், நெய்யில் வதக்கினால் தெரியவே தெரியாது. ரசம்தான் சுலபம். ஒரு கைப்பிடி இலையை நெய்யில் சுருள வதக்கி, மிளகு, சீரகம், நாலு பல் பூண்டோடு கரகரப்பாக அரைத்து, புளித்தண்ணீரில் கரைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள். தூதுவளையில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு, மிளகும் புளியும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ரசம் பிடிக்காத பிள்ளைகளுக்கு அதே விழுதைத் தோசை மாவில் கலந்து கொஞ்சம் தடிமனாக ஊற்றிக் கொடுத்தால் பச்சை நிறத்துக்காகவே சாப்பிட்டுவிடுவார்கள்.

ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்டீர்கள். தூதுவளைப் பொடியை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, மூச்சுவிடுவது ஓரளவு எளிதானதாகத் தெரிந்தது. ஆனால் இன்ஹேலருக்குப் பதில் இது ஆகாது, மூச்சு இழுக்கும்போது ரசம் வைத்துக் கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் எந்த இலையையும் நம்பிக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அங்கே இலவசம்.

கேள்வி: பிரண்டைத் துவையல் அரைத்தேன், எல்லோருக்கும் தொண்டை அரித்தது. கையும் அரித்தது. எங்கே தப்பு?
(ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: வதக்கியது போதவில்லை, புளியும் குறைந்திருக்கும். பிரண்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிகமாக இருக்கிறது, தோலிலும் தொண்டையிலும் குத்துவது அதுதான். சேனைக்கிழங்கு அரிப்பதும் இதே காரணத்தால்தான், அதையும் நாம் புளி போட்டுத்தானே சமைக்கிறோம்.

அடுத்த தடவை நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரை மட்டும் எடுங்கள், முற்றிய கணு வேண்டாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஓரங்களில் இருக்கும் நாரை உரித்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு நிதானமான தீயில் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை போய் வெளுத்த மஞ்சள் கலந்த பச்சை வரும்வரை, துண்டை நசுக்கினால் குழையும்வரை வதங்க வேண்டும், அவசரப்பட்டால் அரிப்புத்தான். உளுத்தம்பருப்பு, வரமிளகாய், இஞ்சி, பூண்டு தனியாக வறுத்து, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்துக்கொள்ளலாம். தேங்காய் உங்கள் இஷ்டம், நான் சேர்ப்பதில்லை. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேறு தொடுகறியே தேவைப்படாது. பசியெடுக்காதவர்களுக்குக் கொடுப்பது வழக்கம், அந்தக் காலத்தில் அப்பள மாவில்கூடப் பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்தார்கள்.

எலும்பு முறிவுக்குப் பிரண்டை நல்லது என்பார்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் எலும்பு கூடுவது வேகமானதைப் பார்த்திருக்கிறார்கள். சரி, சாப்பிடலாம். ஆனால் விலகிய எலும்பை நேராக வைத்துக் கட்டுப்போடுகிற வேலையைத் துவையல் செய்யாது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள், ஆக்சலேட் இருப்பதால், அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு மூன்று மாதக் குழந்தை. எங்கள் வீட்டில் காலங்காலமாக உரை மருந்து, தேன், வயிற்றுப்பூச்சிக்கு இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் எல்லாம் கொடுத்துத்தான் பிள்ளை வளர்த்தோம். மகள் எதுவும் வேண்டாம் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.
(ஒரு பாட்டி, கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதே சரி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேனில் போட்டுலினம் என்கிற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, கை கால் துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சே நிற்கிற அளவுக்குக் கொண்டுபோகும். மலைத்தேன், வீட்டுத்தேன், கடைத்தேன் எல்லாம் ஒன்றுதான். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயம். மலேசியாவில் வாழ்ந்த நம் மக்கள் குடும்பங்களில் கைக்குழந்தைகளுக்குச் சளிக்கும் வயிற்றுக்கும் என்று இதைக் கொடுத்து, வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதை 1980களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறந்த குழந்தைகளும் உண்டு. வேப்பமரத்தில் தூளி கட்டுங்கள், வேப்பிலைத் தண்ணீர் தெளியுங்கள், எண்ணெயை மட்டும் வாயில் ஊற்றாதீர்கள்.

உரை மருந்தில் சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கோடு வசம்பும் இருக்கும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்துக் கொண்டாடிய பொருள்தான். ஆனாலும் வசம்பில் இருக்கும் அசரோன் என்கிற வேதிப்பொருள் கூடினால் வாந்தி நிற்காமல் வரும், உரைகல்லில் இழைக்கும்போது எவ்வளவு கரைந்தது என்று யாருக்கும் தெரியாது, கல்லும் கையும் சுத்தமாக இல்லாவிட்டால் அதிலேயே வயிற்றுப்போக்கு வந்துவிடும். கையில் கட்டும் வசம்பு வளையல்கூட வாய்க்குள் போகிற வயது இது.

உங்கள் கைப்பக்குவம் வேண்டியது தாய்க்குத்தான். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், வெந்தயக் கஞ்சி, சுக்கு போட்ட பிரசவ லேகியம் என்று மகளைக் கவனியுங்கள், அவள் வயிறு நிறைந்தால் பேரப்பிள்ளைக்கு எல்லாம் போய்ச் சேரும்.

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும், ஆங்கில மருத்துவத்தில் மருந்தே கிடையாது என்று எங்கள் ஊரில் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், பெரம்பலூர்)

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது. காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது ஓர் அறிகுறி. தண்ணீர் வழியாக வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ என்கிற வைரஸ் ஈரல் நோய்கள் இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் கீழாநெல்லி கொடுத்தவருக்கும் பேர் கிடைக்கும், மோர் மட்டும் கொடுத்தவருக்கும் பேர் கிடைக்கும். ஆனால் பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் காமாலை வரும், கணையத்தில் கட்டி வந்தாலும் வரும், குடியால் ஈரல் கெட்டாலும் வரும், இவற்றில் ஒன்றுக்கும் கீழாநெல்லி வேலை செய்யாது. கல்லை எடுக்க வேண்டும், கட்டிக்கு ஆபரேஷன் வேண்டும், நாள் போனால் அதுவும் கைவிட்டுப் போகும்.

கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1988இல் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் இதைக் கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ் பிக்குக் கிருமியை அடக்கும் மாத்திரை இருக்கிறது, வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது, "மருந்தே கிடையாது" என்பது பழைய பேச்சு.

அதனால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும். சாதாரண வைரஸ் காமாலைதான் என்று தெரிந்த பிறகு, வழக்கப்படி வேரோடு ஒரு செடியை அலசி, நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலந்து குடிக்க விரும்பினால் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள். இலைக்கு அடியில் வரிசையாகச் சின்னக் காய் தொங்குகிறதா என்று திருப்பிப் பார்த்துப் பறிக்க வேண்டும். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் வெறும் கஞ்சியில் வாரக்கணக்கில் போடுகிற கடும் பத்தியம் வேண்டாம், ஈரல் தேறுவதற்கே சாப்பாடு தேவை. சாராயம் ஒரு சொட்டும் கூடாது. தூக்கக் கலக்கம், உளறல், ஈறில் ரத்தம், நிற்காத வாந்தி இருந்தால் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம், ஹெபடைடிஸ் ஈ அவர்களைத்தான் மோசமாகத் தாக்கும்.

கேள்வி: இனிப்பாக இருக்கிறதே என்று இருமலுக்கு அதிமதுரம் தினமும் சுவைக்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.
(ஒரு வாசகர், திருவள்ளூர்)

பதில்: இன்றே நிறுத்துங்கள். அந்த இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். தொண்டை கட்டினால் இரண்டொரு நாள் சுவைப்பது வேறு, பழக்கமாக்குவது வேறு. உங்களுக்கு இருமலுக்கு ஓமவல்லி இலை போதும். ரசத்தில் போடலாம், கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒரு வகை தானே வறட்டு இருமலைக் கொண்டுவரும், எதற்கும் உங்கள் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு ஆவாரம்பூ டீ குடித்து வருகிறேன். பூ கிடைக்காதபோது கடையில் "ஆவாரை இலைப் பொடி" என்று கொடுத்ததை வாங்கிக் குடித்து மூன்று நாள் பேதியில் படுத்துவிட்டேன். ஏன்?
(ஒரு வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: நீங்கள் குடித்தது பெரும்பாலும் நிலாவாரையாக இருந்திருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகம் முழுக்கப் போகிற பேதி மருந்து அது, மலச்சிக்கல் மாத்திரைகளில் பலவற்றுக்கு அதுதான் மூலப்பொருள். இரண்டும் ஒரே இனம், பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. எந்த மூலிகையையும் பொடியாக வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். முழு இலை, முழுப் பூ, முழு வேர், அடையாளம் தெரிகிற மாதிரி வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.

ஆவாரம்பூவைப் பாசிப்பருப்போடு கூட்டாகச் செய்து சாப்பிடலாம், ஒரு டம்ளர் டீயும் தப்பில்லை. எலிகளிடம் சர்க்கரை குறைந்ததற்கு ஆய்வுகள் இருக்கின்றன, மனிதர்களிடம் அந்த அளவுக்கு வலுவான சான்று இல்லை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற சொல்லை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடவே வெந்தயம், ஆவாரை என்று சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டுவது வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மஞ்சள் பாலில் மிளகு ஏன் போடுகிறோம்? மஞ்சள் மாத்திரை அதைவிட நல்லதா? மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்களாமே?
(ஒரு கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: ஈரோட்டிலிருந்து மஞ்சள் கேள்வி வந்ததில் சந்தோஷம். மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் அதில் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். 1998இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. பாலின் கொழுப்பும் உதவும். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும், நீங்கள் பாலில் போடுவது ஒரு சிட்டிகை. தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மாத்திரை வேண்டாம் என்பது என் கருத்து. உறிஞ்சுதலைக் கூட்டிச் செய்த குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்தப் பைப்பரின் மற்ற சில மருந்துகளையும் அதே மாதிரி ரத்தத்தில் கூட்டிவிடும்.

காப்புரிமை பழைய கதை, அதில் நாம்தான் ஜெயித்தோம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி எதிர்த்து வழக்காடியது, 1997இல் அது ரத்தானது. பாட்டி வைத்தியத்தை எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நீங்களும் எழுதி வையுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராதா? கடித்தால் அந்த இலை விஷத்தை இறக்குமா?
(ஒரு வாசகர், தாராபுரம் அருகே)

பதில்: வராது என்பதற்கு எந்த நிரூபணமும் இல்லை. சிறியாநங்கை என்று பல ஊர்களில் சொல்வது நிலவேம்பைத்தான். அது ஒன்பது சரக்கில் ஒன்றாக நிலவேம்புக் குடிநீரில் சேர்ந்து, டெங்கு காலத்தில் அரசே காய்ச்சி ஊற்றிய நல்ல மூலிகை. காய்ச்சலுக்குச் சித்த மருத்துவர் சொல்கிற அளவில் சில நாள் குடிக்கலாம், கர்ப்பிணிகள் தவிர்க்கவேண்டும். பாம்பு விஷத்துக்கு அது மருந்து இல்லவே இல்லை.

இலை கொடுத்துப் பிழைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஏனென்றால் கடித்த பாம்பில் பெரும்பாலானவை விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும் விஷத்தை இறக்கிவிட்டால் விஷமுறிவு ஊசி ஒன்றுதான் வழி. அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்து மக்கள் தங்கள் கையால் பாம்பைப் பிடித்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்பையும் பச்சிலையையும் அவர்களைவிட அறிந்தவர்கள் யார்?

வேப்பிலையைக் கடிக்கச் சொல்லிக் கசக்கிறதா என்று பார்த்து நேரத்தை விடாதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், மோதிரம் கொலுசைக் கழற்றிவிட்டு, 108க்கு போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டு விரியன் கடி வலிக்காது, வீங்காது. தூக்கத்தில் கடித்தது தெரியாமல் விடியற்காலையில் வயிற்று வலியும் கண் இமை சொருகலும் வந்தால் அதுவாக இருக்கலாம்.

கேள்வி: பரீட்சைக்கு வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?
(ஒரு அம்மா, தஞ்சாவூர்)

பதில்: மாத்திரை வேண்டாம், கீரையாகக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்), சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பலாகப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள், நம் துவையலைவிட எனக்கு அது பிடிக்கும். ஞாபகசக்தி கூடும் என்பதற்கு உறுதியான சான்று வரவில்லை, பரீட்சைக்கு நல்ல தூக்கம் அதைவிட உதவும். பச்சையாகச் சாப்பிடுவதென்றால் எங்கே பறித்தது என்று பாருங்கள், இது ஈரத்தில் படர்கிற செடி, சாக்கடை ஓரத்திலும் செழிப்பாகவே வளரும்.

கேள்வி: சென்னையில் ஃபிளாட். பால்கனியில் நாலு தொட்டிதான் வைக்க முடியும். எதையெல்லாம் வைப்பது?
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: ஓமவல்லி, துளசி, வல்லாரை, பிரண்டை. ஓமவல்லியும் பிரண்டையும் ஒரு துண்டு ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் தண்ணீர் அதிகம் கூடாது, வேர் அழுகிவிடும். பிரண்டையைக் கிரில் கம்பியில் ஏற்றிவிடுங்கள், தொட்டிக்கு வெளியே இடமே கேட்காது. வல்லாரைக்கு அகலமான ஆழமில்லாத தொட்டி, பாதி நிழல், எப்போதும் ஈரம். துளசிக்கு வெயில் படுகிற மூலையைக் கொடுத்து, பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் இலை நிறைய வரும். தூதுவளை ஆசை இருந்தால் மொட்டை மாடியில் வையுங்கள், பால்கனியில் துணி காயப்போடும்போது முள் மாட்டிக்கொண்டே இருக்கும். செங்காந்தள் பூ அழகாக இருக்கிறது என்று அதையும் சிலர் தொட்டியில் வைக்கிறார்கள், கண்வலிக்கிழங்கு என்பது அதன் கிழங்குதான், உயிரை எடுக்கிற விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். கார்த்திகை முடிவதற்குள் நட்டுவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நாலும் வேர் பிடித்துவிடும்.